கோல்ட் காபி, ஐஸ் காபி, கோல்ட் ப்ரூ: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிச் செய்வது?

கோடை வந்ததும் வீட்டில் குளிர்ந்த காபி செய்ய ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்: "இன்றைக்குக் கோல்ட் ப்ரூ" (குளிர்ந்த நீரில் பொடியை நெடுநேரம் ஊறவைத்து எடுக்கும் காபி). அப்புறம் வீட்டில் இருக்கும் ஃபில்டர் பொடியையே தண்ணீரில் கொட்டி ஊறவைக்கிறார்கள். மறுநாள் காலையில் எந்த வடிகட்டியிலும் இறங்காத சேறு கையில் நிற்கிறது.

பெயர் கடைசியில் வரட்டும். பால் வேண்டுமா, என்ன பொடி இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது ஆகிய மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், எந்த வகை என்பது தானாக முடிவாகிவிடும். அந்த வரிசையிலேயே போவோம்.

1. பாலா, பால் இல்லாமலா?

இதை முதலில் முடிவு செய்யக் காரணம் இருக்கிறது. பால் சேர்க்கும் காபிக்குக் கசப்பும் அடர்த்தியும் தேவை. பால் அவை இரண்டையும் தணித்துவிடும் என்பதால், மெல்லிய காபியை ஊற்றினால் நிறம் மாறிய பால்தான் கிடைக்கும். பால் இல்லாத காபிக்கு நேர்மாறு: கசப்பு குறைவாகவும் மணம் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

பாலும் சர்க்கரையும் சேர்த்தே குடிப்பவர் என்றால் உங்களுக்கு இரண்டு வழிகள்: டிக்காஷனில் செய்யும் ஐஸ் காபி, மிக்ஸியில் அடிக்கும் கோல்ட் காபி. பால் வேண்டாம் என்றால் கோல்ட் ப்ரூ, அல்லது சூடாக இறக்கி உடனே ஐஸில் குளிரவைக்கும் காபி. கோல்ட் ப்ரூவில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் அதற்குச் செலவாகும் பொடியையும் நேரத்தையும் பார்த்தால், அதே டம்ளரை ஃபில்டர் டிக்காஷனில் இன்னும் நன்றாகச் செய்துவிடலாம் என்பதே என் முடிவு.

2. பொடி பாக்கெட்டைப் படியுங்கள்

இந்தியாவில் சிக்கரி கலந்த காபிப் பொடி என்றால், காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. 80:20, 70:30, 60:40 என்று வருபவை எல்லாம் இந்தக் கணக்குதான். இன்ஸ்டன்ட் பொடியிலும் சிக்கரி கலந்தவை நிறைய உண்டு, அதையும் பாருங்கள்.

சிக்கரி தண்ணீரில் சுலபமாகக் கரையும். டிக்காஷனுக்குக் கருமையும் கொழகொழப்பும் தருவது பெரும்பாலும் அதுதான். பாலில் இது நல்ல குணம். ஐஸ் போட்ட பிறகும் காபி தளர்ந்துபோகாமல் நிற்கும். பால் இல்லாமல் குளிரக் குடிக்கும்போதோ அதே சிக்கரி நாக்கில் கஷாயம் போலத் தங்கிவிடும். ஆகவே சிக்கரிப் பொடி பாலுக்கு, சிக்கரி இல்லாத பொடி பால் இல்லாத காபிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வழக்கம். அங்கே சிக்கரி கலந்த காபியைக் குளிர்ந்த நீரில் ஊறவைக்கிறார்கள். ஆனால் குடிக்கும்போது பால் சேர்த்துத்தான் குடிக்கிறார்கள்.

அடுத்தது அரைப்பு. வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் ஒன்றும் சொல்லாமல் வாங்கினால் ஃபில்டருக்கான நைசான பொடிதான் வரும். கோல்ட் ப்ரூவுக்கு வேண்டும் என்றால், "சிக்கரி வேண்டாம், ரவையைவிடக் கொரகொரப்பாக அரையுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொட்டை வகை கேட்டால் பீபெர்ரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை), பிளான்டேஷன் ஏ (மென்மையான அராபிகா இனத்தின் பெரிய கொட்டை) இரண்டுமே பால் இல்லாத குளிர்காபிக்குப் பொருந்தும். புளிப்பு பிடிக்காதவர்களுக்கு, பருவமழை ஈரக்காற்றில் பதப்படுத்திய மான்சூன்ட் மலபார். பால் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கசப்பு கூடிய ரோபஸ்டா இனக் கொட்டையைக் கொஞ்சம் கலந்தால் காபியின் குரல் பாலுக்குள் அமுங்காது.

3. ஐஸ் கணக்கு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

குளிர்காபி கெடுவதற்கு முதல் காரணம் ஐஸ் கரைவதுதான். இதில் ஊகத்துக்கு வேலையே இல்லை, சின்னக் கணக்கு போதும்.

ஒரு கிராம் ஐஸ் கரைவதற்கு 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்வதற்கு ஒரு கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். இதை வைத்துப் பார்த்தால், 90 டிகிரி சூட்டில் இருக்கும் 100 மி.லி. காபியை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிராம் ஐஸ் முழுக்கக் கரைந்தாக வேண்டும். அதாவது காபி எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் அதில் கலந்துவிடும். பாதிக்குப் பாதி!

அதே காபி ஆறி, நம் ஊர் அறைச் சூட்டுக்கு, 32 டிகிரிக்கு வந்துவிட்டது என்றால் சுமார் 32 கிராம் ஐஸ் போதும். ஃபிரிட்ஜில் வைத்து 8 டிகிரியில் எடுத்தால் 4 கிராம்கூடக் கரையாது.

இதிலிருந்து கிடைப்பவை இரண்டு வழிகள். ஒன்று, காபியையும் பாலையும் முன்னாலேயே ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ஐஸைக் கடைசியில் குளிர்ச்சி தக்கவைக்க மட்டும் போடுவது. இரண்டு, சூடாகவே ஊற்றுவது என்றால் கரையப்போகும் ஐஸைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்து, காபியை அதற்கேற்ற கெட்டியில் இறக்குவது. சூடான சாதாரணக் காபியின் மேல் நாலு ஐஸ் கட்டியைப் போடுவது இந்த இரண்டிலும் சேராது. அந்த டம்ளர் வெதுவெதுப்பாகவும் இருக்கும், நீர்த்தும் இருக்கும்.

உங்கள் ஐஸ் தட்டில் ஒரு குழி எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு தரம் அளந்துவைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்குத் தட்டு மாறும். ஐஸ் சிறிதாக இருந்தால் வேகமாகக் கரையும், பெரிய கட்டி மெதுவாகக் கரையும். கொதித்து ஆறிய தண்ணீரிலேயே ஐஸ் வையுங்கள். மீன், பூண்டு போன்றவை திறந்திருக்கும் ஃப்ரீசரில் ஐஸ் தட்டை மூடாமல் வைத்தால் அந்த வாடை நேராகக் காபியில் ஏறும்.

4. முந்தின நாளே தயாராக வேண்டியவை

சர்க்கரைப் பாகு முதலில். குளிர்ந்த காபியில் சர்க்கரை மிக மெதுவாகத்தான் கரையும். கலக்கிக்கொண்டே இருப்போம், கடைசி மடக்கில் மொத்தமும் வாய்க்கு வரும். 200 கிராம் சர்க்கரைக்கு 200 மி.லி. தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். அதில் 20 மி.லி. எடுத்தால் சுமார் 12 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி. ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வரை தாராளமாக இருக்கும்.

கருப்பட்டிப் பாகும் அருமையாகச் சேரும், குறிப்பாகச் சிக்கரி டிக்காஷனோடு. கரைத்ததும் மண் போக வடிகட்டி, முழுக்க ஆறிய பிறகே பாலோடு சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் பால் திரிந்துபோகக்கூடும்.

பால் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, எடுத்ததும் ஆடையை வடிகட்டிவிட வேண்டும். சூடான காபியில் ஆடை தெரியாமல் போகலாம், குளிர்ந்ததில் நூல் நூலாக உதட்டில் ஒட்டும். ஐஸ் காபிக்கு 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பால் போதும். மிக்ஸியில் அடிக்கும் கோல்ட் காபிக்கு 6 சதவீத நிறைகொழுப்புப் பால் நன்றாக இருக்கும். காய்ச்ச நேரமில்லை என்றால் டெட்ரா பாக்கெட்டில் வரும் பாலை அப்படியே குளிரவைத்துப் பயன்படுத்தலாம்.

5. ஃபில்டர் டிக்காஷனில் ஐஸ் காபி

நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பொருளை வைத்துச் செய்யக்கூடியது இதுதான். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

மேல் ஃபில்டரில் 25 கிராம் பொடி போட்டு, லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய தண்ணீர் 120 மி.லி. ஊற்றுங்கள். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கீழே 70 மி.லி. அளவுக்குத்தான் இறங்கும். இது இரண்டு சிறிய டம்ளருக்கு வரும். இரண்டாம் டிக்காஷனை இதில் கலக்காதீர்கள். சூடான பாலில் அது ஒப்பேறிவிடும். ஐஸ் காபியில் அது வெறும் கலர் தண்ணீர்தான்.

டிக்காஷன் இறங்கியதும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் நிறுத்தி ஆறவிட்டு, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மேசையில் திறந்தபடி மணிக்கணக்கில் விட்டால் மணம் போய், ஊசிப்போனது போன்ற ஒரு புளிப்பு வரும். அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.

டம்ளரில் ஊற்றும் வரிசை: பாகு 20 மி.லி., குளிர்ந்த டிக்காஷன் 35 மி.லி., இரண்டையும் கலக்கி, அப்புறம் குளிர்ந்த பால் 100 மி.லி., கடைசியில் ஐஸ். பாகு பாலைவிடக் கனமானது. கடைசியில் ஊற்றினால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பால் சேரும் முன்னாலேயே டிக்காஷனோடு கலந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

குடிக்க நேரமாகும் என்றால் கொஞ்சம் டிக்காஷனை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து அந்தக் கட்டிகளையே போடுங்கள். கரையக் கரையக் காபி கெட்டியாகும்.

இன்னொரு வழி வியட்நாமில் இருந்து வருகிறது. அங்கே ஃபின் என்ற சின்ன ஃபில்டரில், நன்றாக வறுத்த ரோபஸ்டாவைக் கெட்டியாக இறக்கி, கன்டென்ஸ்டு மில்க்கோடு கலந்து, டம்ளர் நிறைய ஐஸில் ஊற்றுகிறார்கள். நம் ஃபில்டர் டிக்காஷனிலும் இதைச் செய்யலாம். 60 மி.லி. டிக்காஷன் சூடாக இருக்கும்போதே இரண்டு மேசைக்கரண்டி கன்டென்ஸ்டு மில்க்கைக் கரைத்துவிட வேண்டும். குளிர்ந்தபின் அது கரையாது, கரண்டியில் சுற்றிக்கொள்ளும். இங்கே சூடாக ஊற்றுவது சரிதான், ஏனென்றால் ஐஸ் தண்ணீரையும் தாங்கும் கெட்டியில்தான் செய்திருக்கிறோம். பாலும் பாகும் முன்னாலேயே தயார் செய்யாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

6. மிக்ஸியில் அடிக்கும் கோல்ட் காபி

குழந்தைகள், காபி அதிகம் பழகாதவர்கள், மாலை விருந்தாளிகள் எல்லோரும் விரும்புவது நுரை ததும்பும் இந்த வகை. இன்ஸ்டன்ட் பொடி இதற்குச் சரியானது, ஃபில்டர் டிக்காஷனில் இவ்வளவு நுரை வராது.

நுரை வருவது வரிசையைப் பொறுத்தது. இரண்டு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் பொடி, மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர்: இவற்றை மட்டும் முதலில் அடியுங்கள். நிறம் வெளுத்து, கிரீம் போலத் தடிக்கும். அதற்குப் பிறகுதான் 200 மி.லி. குளிர்ந்த பால். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்தால் பாலின் கொழுப்பு நுரையைக் கட்டவிடாது, மேலே பெரிய குமிழிகள் மட்டும் வந்து நிமிடத்தில் உடைந்துவிடும்.

மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் பிளேடின் உராய்வில் ஜாரே சூடேறி, குளிரவைத்த பால் வீணாகும். ஐஸை உடைக்க உங்கள் ஜார் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஐஸை டம்ளரில் போட்டாலே போதும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சூடான காபியையோ பாலையோ ஜாரில் ஊற்றி மூடி ஓட்டாதீர்கள். நீராவி மூடியைத் தள்ளிவிட்டு மேலே கொதிக்கக் கொதிக்கத் தெறிக்கும்.

ஐஸ்கிரீம் சேர்ப்பதாக இருந்தால் சர்க்கரையைப் பாதியாக்கி, காபிப் பொடியை அரைத் தேக்கரண்டி கூட்டுங்கள்.

7. கோல்ட் ப்ரூ

வெந்நீரே படாமல், குளிர்ந்த நீரில் நெடுநேரம் ஊறவைத்து எடுப்பது கோல்ட் ப்ரூ. வெந்நீர் வேகமாக இழுத்துவரும் புளிப்பும் கசப்பும் இதில் குறைவு. மணமும் குறைவுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். வழவழவென்று, சர்க்கரை இல்லாமலே குடிக்கக்கூடிய காபி வேண்டும் என்பவர்களுக்கு இது. ஃபில்டர் காபியின் மணத்துக்காகவே காபி குடிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

தேவை: கொரகொரப்பான, சிக்கரி இல்லாத பொடி 100 கிராம், குடிநீர் 700 மி.லி., மூடியுள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம், சுத்தமான வெள்ளைத் துணி. புதுத் துணி என்றால் முதலில் கொதிநீரில் போட்டு எடுங்கள், சோப்பு போட்டுத் துவைத்தது வேண்டாம். அந்த வாசனை காபிக்குள் வரும்.

முதலில் பொடி, அதன் மேல் பாதித் தண்ணீர். கரண்டியால் கிளறி, உலர்ந்த பொடி எங்கும் இல்லை என்று பார்த்த பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் பொடி மேலே மிதந்து தொப்பி போலக் கட்டிக்கொள்ளும். அதன் நடுப்பகுதியில் தண்ணீரே ஏறாது. கொடுத்த காசில் பாதிதான் காபியாகும்.

மூடி ஃபிரிட்ஜில் 18 மணி நேரம் வையுங்கள். வெளியில் 12 மணி நேரம் வைக்கச் சொல்லும் செய்முறைகள் 20 டிகிரி சூட்டில் இருக்கும் சமையலறைகளுக்காக எழுதப்பட்டவை. மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ சமையலறை எவ்வளவு கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தச் சூட்டில் காபி நீரை இரவெல்லாம் வெளியே விடுவது சுவைக்கும் கெடுதல், வயிற்றுக்கும் நல்லதல்ல. ஃபிரிட்ஜில் காபி இறங்குவது மெதுவாகும், அதனால்தான் நேரத்தைக் கூட்டுகிறோம். 24 மணி நேரத்தைத் தாண்டினால் மரக்கட்டை போன்ற ஒரு ருசி தலைகாட்டும்.

வடிகட்டுவது இரண்டு தரம். முதலில் சாதாரண வடிகட்டி, அப்புறம் துணி. அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் நைசான தூள் எல்லாம் கீழே வந்து கலங்கிவிடும், கசப்பும் ஏறும். தானாகச் சொட்டட்டும். சுமார் 500 மி.லி. கிடைக்கும்.

இது அப்படியே குடிக்கும் காபி அல்ல, கெட்டிச் சாறு. ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து ருசி பாருங்கள், தேவையானால் ஒன்றரைப் பங்கு வரை போகலாம். தண்ணீர் சேர்க்காமல் சாறாகவே மூடி வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். 100 கிராம் பொடிக்கு ஐந்து ஆறு டம்ளர்தான் வரும் என்பதை மனதில் வையுங்கள். ஃபில்டர் டிக்காஷனைவிடச் செலவு கூடுதல்.

8. பால் வேண்டாம், காத்திருக்கவும் முடியாது

இதற்கு ஜப்பான் முறை இருக்கிறது: காகித ஃபில்டரில் சூடாக இறக்கும் காபி நேராக ஐஸ் மேல் விழும். மணம் ஆவியாகிப் போவதற்கு முன்பே குளிர்ந்துவிடுவதால், கோல்ட் ப்ரூவில் இல்லாத பூ வாசனையும் பழப் புளிப்பும் இதில் கிடைக்கும்.

25 கிராம் பொடி. மொத்தத் தண்ணீர் 400 கிராம் என்று வைத்து, அதில் 160 கிராமை ஐஸாகக் கீழ்ப் பாத்திரத்தில் போடுங்கள். மீதி 240 மி.லி. வெந்நீரை மேலே சிறிது சிறிதாக ஊற்றுங்கள். இறங்கி முடியும்போது ஐஸ் ஏறத்தாழ முழுவதும் கரைந்து காபி 10 டிகிரிப் பக்கம் வந்திருக்கும். அதைப் புது ஐஸ் போட்ட டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம்.

வெந்நீர் குறைவாகப் போவதால் பொடி வழக்கமான காகித ஃபில்டர் அளவைவிடக் கொஞ்சம் நைசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் புளிப்புதான் இறங்கும். சமையலறைத் தராசு இல்லாமல் இந்த முறையில் இறங்காதீர்கள்.

9. கடையில் மெனுவைப் பார்க்கும்போது

பெயர்கள் நிறைய இருந்தாலும் எஸ்பிரெஸோ (இயந்திர அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி) வைத்துச் செய்பவற்றில் எஸ்பிரெஸோவோடு என்ன சேர்கிறது என்பதுதான் வேறுபாடு. தண்ணீர் சேர்ந்தால் ஐஸ்டு அமெரிக்கானோ, பால் சேர்ந்தால் ஐஸ்டு லாத்தே, சாக்லேட்டும் சேர்ந்தால் மோக்கா. ஃப்ராப்பே என்று நம் ஊரில் கொடுப்பது ஐஸோடு அடித்த இனிப்புப் பானம். கிரீஸ் நாட்டில் அதே பெயரில் கேட்டால் இன்ஸ்டன்ட் பொடியைத் தண்ணீரோடு குலுக்கிய நுரைக் காபி வரும். நைட்ரோ என்பது நைட்ரஜன் வாயு ஏற்றிய கோல்ட் ப்ரூ. பால் இல்லாமலே பாலாடை போன்ற நுரை இருக்கும். அஃபகாட்டோவைத் தாகத்துக்குக் கேட்காதீர்கள். ஐஸ்கிரீம் மேல் சூடான எஸ்பிரெஸோ ஊற்றிய இனிப்பு அது.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு: கோப்பி பெங் என்றால் கன்டென்ஸ்டு மில்க்கும் ஐஸும் சேர்ந்தது. கோப்பி ஓ பெங் என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் கோப்பி ஓ கோசோங் பெங்.

ஆர்டர் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இனிப்பு ஏற்கெனவே சேர்த்ததா? பெரிய டம்ளர் வாங்கினால் எஸ்பிரெஸோவும் கூடுமா, பாலும் ஐஸும் மட்டுமா? பல இடங்களில் பின்னதுதான். அப்படி என்றால் சின்ன டம்ளரே ருசியாக இருக்கும்.

10. எந்த நேரத்தில், எவ்வளவு

சூடான காபியை ஊதி ஊதிக் குடிப்போம். குளிர்ந்ததை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்போம். கோல்ட் ப்ரூ சாறு விஷயத்தில் இதில் கவனம் வேண்டும், அதில் பொடி அவ்வளவு கெட்டியாக ஊறியிருக்கிறது. ரோபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபீன் உண்டு. சிக்கரியில் காஃபீனே இல்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபீன் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை என்று வரம்பு சொல்கிறது. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேல் என்றால் சிக்கரி டிக்காஷனில் பால் கூட்டிய ஐஸ் காபி, கோல்ட் ப்ரூ காலைக்கும் மதியத்துக்கும்.

11. டம்ளரில் ஊற்றியபின் ருசி சரியில்லை என்றால்

இனிப்பு போதவில்லை என்று தோன்றினால் பயப்படாமல் பாகு சேருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். அதனால்தான் வெதுவெதுப்பாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவு செய்யக் கூடாது.

நீர்த்துப்போயிருந்தால் அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் பொடியை ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். அடுத்த தடவை ஐஸைக் குறைப்பதைவிடக் காபியை முன்கூட்டிக் குளிரவையுங்கள்.

கசப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு அதை அடக்கும். கோல்ட் ப்ரூ என்றால் அடுத்த முறை ஊறும் நேரத்தை மூன்று மணி குறையுங்கள். பொடியைக் குறைத்தால் கசப்பு அப்படியே இருக்க, காபி மட்டும் மெலிந்துவிடும்.

பால் திரிதிரியாகத் தெரிந்தால், அது ஆடையா திரிந்த பாலா என்று முகர்ந்து பாருங்கள். ஆடை என்றால் வடிகட்டினால் சரியாகிவிடும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு, அடுத்த டம்ளருக்கு வேறு பால் எடுங்கள்.